பழைய கார், பெட்ரோல் செலவு, எஞ்சின் பராமரிப்பு: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை, தென்காசி, அம்பாசமுத்திரம், வள்ளியூர் வட்டாரத்தில் இன்னும் ஓட்டத்தில் இருக்கும் பழைய பெட்ரோல் கார்களில் அம்பாசடரும் பத்மினியும்தான் அதிகம். பத்மினியின் முந்தைய பெயர் ஃபியட் 1100. எங்கேயாவது ஒரு வீட்டில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கும். இவற்றை வைத்திருப்பவர்களும், தாத்தா வண்டியைத் தூசி தட்டி எடுக்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் இருப்பது ஒரே யோசனைதான்: பழைய காரில் மைலேஜை ஏற்றப் பார்க்காதீர்கள், குறைந்திருந்தால் ஏன் குறைந்தது என்று தேடுங்கள்.

நல்ல நிலையில் இருக்கிற வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்க வேண்டும்?

1489 சிசி பெட்ரோல் எஞ்சின் உள்ள அம்பாசடர் ஊருக்குள் 7, 8 கொடுக்கும். நான்குவழிச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகப் போனால் 10 வரும். 1089 சிசி பத்மினியில் ஊருக்குள் 10, வெளியே 13 வந்தால் எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கிறது. 18 தருகிறது, 20 தருகிறது என்று யாராவது சொன்னால், அவர் எப்படி அளந்தார் என்று கேளுங்கள். பாதிப் பேர் அளந்தே இருக்க மாட்டார்கள்.

சரி, எப்படி அளப்பது? மீட்டர் முள்ளைப் பார்த்தால் போதாதா?

போதாது. பழைய காரின் பெட்ரோல் முள் மேட்டில் ஒன்று காட்டும், பள்ளத்தில் ஒன்று காட்டும். டேங்கைக் கழுத்து வரை நிரப்புங்கள். 200 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டிவிட்டு, அதே பங்க்கில், அதே பம்பில், அதே பக்கம் பார்த்து வண்டியை நிறுத்தி மறுபடி கழுத்து வரை நிரப்புங்கள். இரண்டாவது முறை போட்ட லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்தால் கணக்கு வந்துவிடும். ஒரு முறை அளந்ததை வைத்து முடிவு கட்டாமல், மூன்று நான்கு முறை அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இதில் இரண்டு இடத்தில் ஏமாறலாம். முதலாவது, ஓடோமீட்டர். கேபிளும் பல்சக்கரமும் தேய்ந்திருந்தால், அல்லது வேறு அளவு டயர் மாட்டியிருந்தால், ஓடோமீட்டர் காட்டும் தூரமே தப்பு. கைப்பேசியில் ஜிபிஎஸ் போட்டு 20 கிலோமீட்டர் ஓட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவது, சில மிகப் பழைய வண்டிகளில் மீட்டர் மைல் கணக்கில் இருக்கும். ஒரு மைல் 1.6 கிலோமீட்டர். "லிட்டருக்கு ஆறுதான் வருது, எஞ்சின் போச்சு" என்று வண்டியை விற்கப் புறப்பட்டவரின் மீட்டரைப் பார்த்தால் அது மைலாக இருக்கும். ஆறு மைல் என்பது கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர்.

ஆனி, ஆடியில் மட்டும் மைலேஜ் குறைகிறதே, அது ஏன் அண்ணாச்சி?

காற்றுதான். செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் தென்மேற்குக் காற்று இறங்குகிற மாதங்கள் அவை. பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைகள் அத்தனை நிற்பதற்கு அந்தக் காற்றுதானே காரணம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். நீங்கள் 60-இல் போகும்போது எதிர்க்காற்று 30-இல் அடித்தால், காருக்கு அது 90-இல் போகிற மாதிரி. தடை இரண்டேகால் மடங்கு ஆகிவிடும். முன்கண்ணாடியை நிமிர்த்தி வைத்த அம்பாசடர் போன்ற உடம்புக்கு இது நன்றாகவே உறைக்கும். அதனால் சாரல் காலத்தில் தென்காசிக்குப் போகும்போது மட்டும் அளந்து பார்த்துவிட்டு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டாம். போகவும் வரவும் சேர்த்து அளங்கள்.

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய காரைக் கெடுத்துவிடுமா?

2023 பிப்ரவரியில் இ20 பெட்ரோல் சில பங்க்குகளில் விற்பனைக்கு வந்தது. 2025-க்குள் நாடு முழுக்க அதுவே சாதாரண பெட்ரோல் ஆகிவிட்டது. நம் வண்டிகள் எத்தனாலை மனதில் வைத்து வடிவமைத்தவை அல்ல. பாதிப்பு மூன்று வழியில் வரும்.

முதலில் மைலேஜ். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் கலந்தால் சுத்தமான பெட்ரோலைவிட 6, 7 சதவீதம் குறையும். லிட்டருக்கு 13 கொடுத்த பத்மினி 12-ஐச் சொச்சம் கொடுக்கும். இதற்கு மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டாவது, கலவை. பெட்ரோல் சரியாக எரிய எடையில் அதைப் போல 14.7 மடங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 மடங்கு போதும். இ20-க்கு இது சுமார் 13.5. புதுக் கார்களில் சென்சார் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. பெட்ரோல் பாயும் பித்தளைத் துளையான ஜெட்டின் பழைய அளவில் அதே அளவு எரிபொருளை விடும், கலவை மெலிந்துபோகும். வண்டி மேட்டில் திணறும், மிதிக்கும்போது ஒரு கணம் தயங்கும், சூடு ஏறும். ஒரு படி பெரிய மெயின் ஜெட் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சோலெக்ஸ் கம்பெனிக் கார்புரேட்டரின் ஜெட் தலையில் எண் பொறித்திருக்கும். அது துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக் கணக்கு. 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். அங்கிருந்து 125-க்குப் போய்ப் பாருங்கள், ஒரேயடியாக 135-க்குத் தாவ வேண்டாம்.

மூன்றாவதுதான் நிஜமாகவே கவலைப்பட வேண்டியது: ரப்பர். பழைய ஓஸ், ஏசி பம்பின் (குளிர்சாதனம் அல்ல, டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தரும் பம்பு) டயாப்ரம், கார்புரேட்டருக்குள் இருக்கும் சீல்கள் எல்லாம் எத்தனாலில் ஊதும், இளகும், பிறகு வெடிப்பு விடும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் மைலேஜ் பேச்செல்லாம் அப்புறம், முதலில் தீ. எத்தனால் தாங்கும் எரிபொருள் ஓஸ் கேட்டு வாங்கி டேங்க் முதல் கார்புரேட்டர் வரை மாற்றிவிடுங்கள். ஏசி பம்புக்கு விட்டான் வகை ரப்பரில் செய்த டயாப்ரம் கிடைத்தால் அதையே போடுங்கள். தண்ணீர்க் குழாய்க்கான பிளாஸ்டிக் ஓஸை மாட்டிவிட்டு "இதுவே போதும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அப்போ 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் நல்லதா?

காசுக்குக் கேடு. நம் எஞ்சின்களின் கம்ப்ரஷன் விகிதம் குறைவு; இன்றைய சாதாரண பெட்ரோலின் ஆக்டேனே இவற்றுக்குத் தாராளம். சாதாரண பெட்ரோலில் நாக்கிங் (எஞ்சினுக்குள் தட்டுகிற சத்தம்) வருகிறது என்றால் டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம், முந்தியிருக்கிறது, அல்லது எரியறையில் கரி கட்டியிருக்கிறது. அதைப் பாருங்கள்.

ஈயம் இல்லாத பெட்ரோலால் வால்வு போய்விடும் என்கிறார்களே?

இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நின்றது. அதற்கு முன் ஈயம் வால்வுக்கும் அது மூடி உட்காரும் வளையமான சீட்டுக்கும் நடுவே ஒரு மெத்தை மாதிரி இருந்தது உண்மை. அது போனதும், மிருதுவான வார்ப்பிரும்பு சீட் உள்ள எஞ்சின்களில் எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் கொஞ்சமாகச் சீட்டுக்குள் இறங்கத் தொடங்கும். ஆனால் இது தொடர்ந்து அதிக வேகத்தில் ஓட்டும்போதுதான் வேகமாக நடக்கும். ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போய்வருகிற வண்டிக்கு அவசரம் ஒன்றுமில்லை. டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி) அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால் அதுதான் அடையாளம். அடுத்த முறை ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) கழற்றும்போது லேத்தில் கொடுத்து கடினமான சீட் பதித்துவிட்டால் அந்தக் கவலை முடிந்தது.

மெக்கானிக் "ஜெட்டைச் சின்னதாக்கித் தாரேன், மைலேஜ் ஏறும்" என்கிறார். செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். இந்த ஒரு யோசனை எத்தனை எஞ்சினைத் தின்றிருக்கிறது என்று சொல்லி மாளாது. ஜெட்டைச் சுருக்கினால் கலவை மெலியும். முதல் வாரம் மைலேஜ் அரை கிலோமீட்டர் கூடும், மனசுக்குச் சந்தோஷமாக இருக்கும். மெலிந்த கலவை மெதுவாக எரிவதால் எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் காயும். வண்டி இழுக்காததால் நீங்களும் அறியாமலே ஆக்ஸிலேட்டரை அதிகமாக மிதிப்பீர்கள், கியரைக் குறைப்பீர்கள். மிச்சம் பிடித்த பெட்ரோலும் அதில் போய்விடும். ஒருநாள் வால்வு முனை எரிந்து ஒரு சிலிண்டர் செத்திருக்கும். ஏற்கெனவே இ20 கலவையை மெலிய வைத்திருக்கிறது என்று மேலே சொன்னேன். அதன்மேல் இதையும் செய்தால் இரட்டை அடி.

கலவை எப்படி இருக்கிறது என்று தெரிய பிளக்கைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் பத்துப் பதினைந்து நிமிடம் சீராக ஓட்டி, ஓரமாக நிறுத்தி, ஆறியதும் நான்கு பிளக்கையும் கழற்றி வரிசை மாறாமல் ஒரு துணியில் வையுங்கள். நடு மின்முனையைச் சுற்றியுள்ள பீங்கான் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் சரி. சாம்பல் கலந்த வெள்ளையாக, சிறு கொப்புளங்களோடு இருந்தால் மெலிவு. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். பளபளக்கும் ஈரக்கரி என்றால் எண்ணெய் மேலே ஏறுகிறது. நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறமாக இருந்தால், கார்புரேட்டரை விட்டுவிட்டு அந்தச் சிலிண்டரின் டேப்பட், வால்வு, பிளக் ஒயரைப் பாருங்கள்.

இன்னொரு மலிவான வழி புகைப் பரிசோதனை மையம். இந்த வயது பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் நின்று ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி. சான்றிதழ் வாங்கும்போது எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சோலெக்ஸ் அடிப்பகுதியில் இருக்கும் கலவை ஸ்க்ரூவைக் கால் திருப்பு உள்ளே திருப்பினால் கலவை மெலியும், வெளியே திருப்பினால் கூடும். அங்கேயே பத்து நிமிடம் நின்று எண்ணைப் பார்த்துக்கொண்டே சரிசெய்ய அந்தத் தம்பி ஒத்துக்கொண்டால், அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

அடைத்த ஜெட்டைச் சுத்தம் செய்யக் காற்று அடியுங்கள். கம்பி விட்டுக் குடைந்தால் பித்தளைத் துளை பெரிதாகிவிடும்.

பெட்ரோல் திடீரென்று அதிகமாகப் போகிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

கார்புரேட்டரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்! எல்லோரும் அங்கேதான் கையை வைக்கிறார்கள், பிறகு இருந்த செட்டிங்கும் போய்விடுகிறது. முதலில் வண்டி தடையில்லாமல் உருளுகிறதா பாருங்கள். சமதளத்தில் நியூட்ரலில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை விட்டு, ஒரே ஆள் தள்ளினால் நகர வேண்டும். நகரவில்லை என்றால் ஏதோ ஒரு டிரம்மில் பிரேக் ஷூ பிடித்துக்கொண்டிருக்கிறது. ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தின் நடுவிலும் கை காட்டினால், ஒன்று மட்டும் அடுப்பு மாதிரி சுடும். டயர் காற்றும் இதோடு சேர்ந்தது.

அடுத்தது சோக், அதாவது குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைத்துக் கலவையைக் கூட்டும் அமைப்பு. டேஷ்போர்டில் குமிழை உள்ளே தள்ளியிருப்பீர்கள், ஆனால் கேபிள் துருப்பிடித்து கார்புரேட்டர் பக்கம் பாதியிலேயே நிற்கும். பானட்டைத் திறந்து கண்ணால் பாருங்கள்.

அப்புறம் இக்னிஷன். சிபி பாயிண்டைத் (திறக்கும்போது பிளக்கில் பொறி வர வைக்கும் சின்ன சுவிட்ச்) தள்ளும் ஃபைபர் நுனி தேயத் தேய, பாயிண்ட் இடைவெளி குறையும், டைமிங் பிந்தும். பிந்திய டைமிங்கில் எரிதல் பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதில் சைலன்சரைச் சூடாக்கும். பெட்ரோலைத் தின்னும் காரணங்களில் இதுதான் சர்வ சாதாரணம். அம்பாசடருக்குப் பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம். டேப்பட் இடைவெளி எஞ்சின் சூடாக இருக்கும்போது 0.015. ஆக இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் 0.015 என்ற ஒரே தகட்டை வைத்து இரண்டையும் பார்த்துவிடலாம். பத்மினிக்கு அளவுகள் வேறு, புத்தகத்தைப் பாருங்கள்.

டைமிங் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். 12 வோல்ட் பல்பு ஒன்று, இரண்டு துண்டு ஒயர். ஒரு ஒயரை டிஸ்ட்ரிபியூட்டரின் (பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) பக்கத்தில் காயிலிலிருந்து மெல்லிய ஒயர் வந்து சேரும் முனையில் மாட்டுங்கள், இன்னொன்றை எஞ்சின் உடம்பில். சாவியைப் போட்டு, பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஹேண்டில் போட்டு எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்வரை பல்பு எரியாது. திறக்கிற அந்த நொடியில் பளிச்சென்று எரியும். அந்த நொடியில் புல்லியின் அடையாளம் புத்தகத்தில் சொன்ன கோட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடையாளத்தை அந்தக் கோட்டில் நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்தி, பல்பு எரியும் இடம் வரும்வரை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள்.

இதற்குப் பிறகும் நெடுஞ்சாலையில் மைலேஜ் வரவில்லை என்றால், டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, சீரான ஓட்டத்தில் டைமிங்கை முந்த வைக்கும் வட்டமான வேக்குவம் டப்பியைச் சந்தேகப்படுங்கள். கார்புரேட்டர் பக்கம் அதன் சின்னக் குழாயைக் கழற்றி, எஞ்சினை அணைத்துவிட்டு, நுனியை வாயில் வைத்து உறிஞ்சுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி வைத்திருந்தால் உள்ளே தட்டு லேசாகத் திரும்புவது தெரியும். நாக்கால் துளையை அடைத்தால் இழுவை நிற்க வேண்டும். காற்று ஓடிக்கொண்டே இருந்தால் உள்ளே டயாப்ரம் கிழிந்திருக்கிறது. வண்டி ஓடும், சத்தம் எதுவும் வராது, யாருக்கும் தெரியாது. சீரான வேகத்தில் போகும்போது கிடைக்க வேண்டிய மைலேஜ் மட்டும் கிடைக்காது.

நம்ம ஊர் வெக்கைக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்று கழற்றிவிட்டார்கள். சரிதானா?

இல்லை. தெர்மோஸ்டாட்டின் வேலை எஞ்சினைக் குளிர்விப்பதல்ல, சீக்கிரம் சூடாக்கி அந்தச் சூட்டிலேயே நிறுத்துவது. அது இல்லாத எஞ்சின் காலை ஓட்டத்தில் வேலை செய்யும் சூட்டுக்கு வரவே நேரமாகும். குளிர்ந்த சுவரில் பெட்ரோல் ஈரமாகப் படிந்து, எரியாமல் ஆயிலில் இறங்கி, அதை நீர்க்கச் செய்யும். பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்) தேயும். வெயிலில் எஞ்சின் கொதிக்கிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, விசிறிப் பெல்ட் தளர்வு, பிந்திய டைமிங் இவற்றைத் தேட வேண்டும். தெர்மோஸ்டாட் வேலை செய்கிறதா என்று அறிய, ஒரு சட்டியில் வெந்நீர் கொதிக்க வைத்து அதில் போட்டுப் பாருங்கள். தண்ணீர் கொதிக்கும் முன்பே வாய் திறக்க வேண்டும்.

அக்னி நட்சத்திரத்தில் ரயில்வே கேட்டில் நின்றால் வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் சுற்றுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது.

பெட்ரோல் ஏசி பம்பிலும் குழாயிலும் ஆவியாகிவிட்டது. ஓடும்போது விசிறிக் காற்றும் எதிர்க்காற்றும் பட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தது, நின்றதும் எஞ்சின் சூடு முழுக்க அதன் மேல் ஏறுகிறது. திருச்செந்தூர் ரோட்டுக் கேட்டுகளில் மே மாதம் இது வாடிக்கை. பானட்டைத் திறந்து வையுங்கள், துண்டை நனைத்து ஏசி பம்பின் மேல் சுற்றுங்கள், பத்து நிமிடத்தில் பிடிக்கும். நனைத்த துண்டை டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

நிரந்தரத் தீர்வு: குழாயை எக்ஸாஸ்ட்டிலிருந்து விலக்கி ஓட்டுவது, அதன் மேல் சூடு தடுக்கும் உறை போடுவது, பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்க வேண்டிய தடித்த பேக்கிங் இருக்கிறதா என்று பார்ப்பது. குழாயில் துணிக் கிளிப்புகளை வரிசையாக மாட்டுகிற வழக்கம் சிலரிடம் உண்டு. கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றலாமா?

ராதாபுரம், திசையன்விளை பக்கத்துப் போர் தண்ணீரை ஊற்றவே ஊற்றாதீர்கள். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற உப்பு, எஞ்சின் தண்ணீர்ப் பாதையிலும் படிந்து சூட்டை வெளியே விடாது. தாமிரபரணித் தண்ணீர் எவ்வளவோ மேல். காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும்தான் சரி. கூலண்ட் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து வாங்காமல், செம்பு பித்தளை ரேடியேட்டருக்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

தேரி என்கிற செம்மணல் மேட்டுப் பக்கம் அடிக்கடி போய்வருவேன். தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

ஏர் கிளீனர். சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்துச் செம்மணல் மாவாக நுணுகியது. உள்ளே போனால் போரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடும். எண்ணெய்க் கிண்ணம் உள்ள பழைய ஏர் கிளீனர் என்றால், அடியில் சேறு படிந்திருக்கிறதா என்று அடிக்கடி திறந்து பாருங்கள். கழுவி, குறி வரை புது எண்ணெய் ஊற்றுங்கள். குறிக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அதையும் உறிஞ்சிப் புகைக்கும். அடைத்த ஏர் கிளீனர் சோக்கைப் பாதி இழுத்து வைத்தது போலத்தான், பெட்ரோல் அதிகம் குடிக்கும்.

எந்த ஆயில், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை?

20டபிள்யூ-50 மினரல் ஆயில். 3,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது. புதுக் கார்களுக்கான மெல்லிய சிந்தடிக் ஆயில் இந்த எஞ்சின்களின் பழைய சீல்களில் வழிந்துவிடும்; அதோடு அந்த ஆயில்கள் பலவற்றில் கேம், டேப்பட் உராய்வைத் தாங்கும் துத்தநாகச் சேர்மானமும் குறைவு.

மலையிறக்கத்தில் நியூட்ரலில் போனால் பெட்ரோல் மிச்சமாகுமே?

கொஞ்சம் ஆகும், பொய் சொல்வானேன். கியரில் இறங்கினாலும் கார்புரேட்டரின் ஐடில் பாதை வழியாகப் பெட்ரோல் போய்க்கொண்டுதான் இருக்கும். புதுக் கார் மாதிரி அடியோடு நிறுத்தாது. ஆனால் ஆரியங்காவு இறக்கத்தில் டிரம் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், சூடாகி மிதி அப்படியே உள்ளே போய்விடும். ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

கல்யாண ஊர்வலத்துக்கு மட்டும்தான் வண்டி வெளியே வரும். மற்ற நாள் ஷெட்டில். இது நல்லதா?

எஞ்சினுக்கு இதைவிட மோசமான வாழ்க்கை இல்லை. மாதக்கணக்கில் நின்று, பிறகு ஒரு மணி நேரம் நாதஸ்வரத்துக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்தால், எதிர்க்காற்று இல்லாமல் கொதிக்கும், பிளக்கில் கரி கட்டும், டைனமோ பொருத்திய வண்டியில் பேட்டரியும் சார்ஜ் ஆகாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கங்கைகொண்டான் வரையாவது போய்வாருங்கள். ஷெட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் ஓட விட்டு அணைப்பது உதவி அல்ல. ஆயிலில் தண்ணீரும் பெட்ரோலும் சேர்வதுதான் மிச்சம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்று மாதம் நிறுத்தி வைப்பதாக இருந்தால் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும்; சேர்ந்த தண்ணீர் அடியில் தங்கி டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் முங்கின கார் அப்படியே நிற்கிறது. எடுக்க முடியுமா?

முடியும், சாவியைப் போடாமல் இருந்தால். அந்த 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணிக் கரையில் எத்தனையோ வண்டி முங்கியது. செல்ஃப் அடிக்காதீர்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் துருவிளக்கும் எண்ணெய் விட்டு ஒரு வாரம் ஊற விடுங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் மூன்றிலும் ஆயிலை வடியுங்கள். பால் போல வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பிறகு ஹேண்டிலில் கையால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அதிர்ஷ்டம். அசையாவிட்டால் வலுவாகத் திருப்ப வேண்டாம், ஹெட்டைக் கழற்றியாக வேண்டும். டிரம்களையும் பிரேக் சிலிண்டர்களையும் எப்படியும் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

சிபி பாயிண்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா?

தாராளமாக. டைமிங் நகராது. வாங்குவதற்கு முன் பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த். மாற்றி மாட்டினால் அந்த நொடியே எரிந்துபோகும். பழைய பாயிண்ட் தட்டை டிக்கியில் வைத்திருங்கள், முண்டந்துறைக் காட்டில் நின்றால் அதைத்தான் மாட்ட முடியும்.

டீசல் எஞ்சின் அல்லது எல்பிஜி மாற்றினால் செலவு குறையாதா?

தினமும் ஓட்டுகிறவருக்கு ஒரு காலத்தில் லாபமாக இருந்தது. வருடத்துக்கு 2,000 கிலோமீட்டர் ஓடுகிற வண்டியில் மாற்றச் செலவு திரும்பி வராது, ஆர்சியிலும் ஏற்ற வேண்டும். எஞ்சினை மாற்றினால் வின்டேஜ் பதிவுக்கும் சிக்கல்.

அந்த வின்டேஜ் பதிவு எடுக்கலாமா?

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்தார்கள். முதல் பதிவு நாளிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், வண்டி பெரிய மாற்றமின்றி அசல் வடிவில் இருக்க வேண்டும். நம்பரில் மாநில எழுத்துக்குப் பின் "விஏ" வரும். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். டவுனுக்குக் காய்கறி வாங்கப் போகக் கூடாது. ஓட்டுவதற்காக வண்டி வைத்திருப்பவர்கள் சாதாரண ஆர்சியையே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு போவதுதான் உத்தமம் என்பது என் கட்சி.

எஞ்சினை முழுக்கப் பிரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

கம்ப்ரஷன் கேஜ் சொல்லும். எஞ்சின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து, செல்ஃப் அடித்து ஒவ்வொரு சிலிண்டராக அளங்கள். நான்கும் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் இன்னும் ஓட்டலாம். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங், போர், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து விழுந்திருந்தால் பெரும்பாலும் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது, அது ஒரு நாள் வேலை.

ரீபோர் (தேய்ந்த போரைக் கடைந்து பெரிதாக்குவது) வரை போனால், பிஸ்டனும் ரிங்கும் கையில் வந்த பிறகே பிளாக்கை லேத்துக்குக் கொடுங்கள். பத்மினி சாமான்களுக்கு இப்போது சென்னைப் புதுப்பேட்டை வரை அலைய வேண்டியிருக்கும். அங்கே எந்த ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கிறதோ அதை வைத்துத்தான் போரை எவ்வளவு வெட்டுவது என்று முடிவு செய்ய முடியும்.